ஒரு கூரை, இரண்டு அடுப்பு: வாடகைப் போர்ஷன் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு



ஆடு, மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று எத்தனையோ தொழிலுக்கு நம் குழுக்களில் கடன் வாங்கியிருக்கிறோம். வாங்கியதைக் கட்டியும் இருக்கிறோம். இப்போது கூட்டங்களில் புதிதாக ஒரு பேச்சு வருகிறது. “வீட்டுப் பக்கத்துல ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டா என்ன? மாட்டுக்கு மாதிரி தீவனம் போட வேண்டாம், நோய் நொடி கிடையாது, மாசம் பொறந்தா பணம் வரும்ல?”

கேட்க நல்லாத்தான் இருக்கு. இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கும் தீவனம் உண்டு, நோயும் உண்டு. அது என்னவென்று தெரிந்துகொண்டு இறங்கினால் வாடகைப் போர்ஷன் ஒரு பெண்ணின் கையில் நிற்கும் முதல் சொத்தாக இருக்கும். தெரியாமல் இறங்கினால் இருக்கிற வீடும் அடமானத்துக்குப் போகும். அதனால்தான் இந்த மாதப் பாடம் இதைப் பற்றியது. ஊக்குநர் இதைக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டுகிறோம். கணக்கு வரும் இடத்தில் எல்லோரும் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது புது யோசனையா?

இல்லை. மதுரைப் பக்கம் வளவு வீடு என்பார்கள், சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்றார்கள், திருப்பூரில் இன்றைக்கும் லைன் வீடு என்கிறார்கள். ஒரு இடத்தில் வீட்டுக்காரரும் இருப்பார், குடித்தனக்காரரும் இருப்பார். அமெரிக்காவில் ஒரே கட்டிடத்தில் இரண்டு குடும்பம் தனித்தனியாக வாழும் வீட்டுக்கு ‘டூப்ளெக்ஸ்’ என்று பெயர். ஒரு பாதியில் தான் குடியிருந்து, மறுபாதி வாடகையைக் கடன் தவணைக்குக் கொடுப்பது அங்கே சொத்து சேர்க்கத் தொடங்குபவர்கள் எடுத்து வைக்கும் முதல் அடி. நம் ஊர் விளம்பரப் பலகையில் ‘டூப்ளெக்ஸ் வீடு’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். இங்கே உள்ளேயே மாடிப்படி வைத்த, ஒரே குடும்பத்துக்கான வீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதில் உள்ள நன்மை என்ன? தனியாக இன்னொரு மனை வாங்க வேண்டியதில்லை. இருக்கிற இடம், இருக்கிற கிணறோ போரோ போதும். குடியிருப்பவர் நம் கண் முன்னால் இருப்பார். ஓடு உடைந்தால் அன்றைக்கே தெரியும். வாடகை தள்ளிப்போனால் வாசலில் நின்று கேட்கலாம். நாளைக்கு மகனுக்கோ மகளுக்கோ தேவைப்பட்டால் அந்தப் பகுதி அவர்களுக்கு ஆகும்.

முதல் கேள்வி: இடம் யார் பேரில்?

செங்கல் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். பல குடும்பங்களில் நடப்பது இதுதான். இடம் மாமனார் பேரில் இருக்கும். கடன் வாங்குவது மருமகள். தவணை கட்டுவதும் மருமகள். மாமனார் காலமான பிறகு கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் பங்கு கேட்பார்கள். சட்டப்படி அவர்களுக்கும் பங்கு இருக்கலாம். “நான்தானே கட்டினேன்” என்று சொன்னால் மட்டும் போதாது. பொதுவாக மண் யாருடையதோ, அதன் மேல் நிற்கும் சுவரும் அவருடையது என்றுதான் கணக்கு.

எனவே கட்டுவதற்கு முன் மூன்று தாள்களைக் கையில் வையுங்கள்.

1. பத்திரம். யார் பேரில் பதிவாகியிருக்கிறது? பெரியவர்கள் சம்மதித்தால் அந்தப் பகுதியை மட்டும் அளந்து தானசெட்டில்மெண்ட் பத்திரமாக உங்கள் பேருக்கு எழுதி வாங்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு, விற்பனைப் பத்திரத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

2. பட்டா. பத்திரம் ஒருவர் பேரிலும் பட்டா இன்னொருவர் பேரிலும் இருந்தால் வங்கி கடன் தராது. பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

3. வில்லங்கச் சான்று. இடத்தின் மேல் பழைய அடமானம், விற்பனை ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்று காட்டும் தாள் இது. 30 வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பதிவுத்துறை இணையதளத்தில் இதைப் பார்வையிடக் கட்டணம் இல்லை. படித்த பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனிலேயே எடுத்துத் தருவார்கள்.

புதிதாக மனை வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 5 லட்சம் ரூபாய் மனைக்கு 5,000 ரூபாய் மிச்சம். பணம் மிச்சமாவதைவிடப் பெரிய லாபம், பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறுவது. வீட்டில் பேசும்போது இந்தச் சலுகையைச் சொல்லி ஆரம்பியுங்கள். “காசு மிச்சமாகுதுங்க, என் பேர்லயே போடலாம்” என்றால் கேட்பதற்கும் எளிது.

மனை அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை ஒழுங்குபடுத்த 2017-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய மனையாக இருந்தால் அந்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இலவச மனைப் பட்டா, தொகுப்பு வீடு, அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு என்றால் ஆணையில் உள்ள நிபந்தனைகளைப் படிக்காமல் வாடகைக்கு விடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: யார் குடிவருவார்கள்?

எல்லா ஊரிலும் வாடகை வீடு போகாது. எல்லோருக்கும் சொந்த வீடு இருக்கிற சின்னக் கிராமத்தில் போர்ஷன் கட்டினால் பூட்டுத்தான் குடியிருக்கும். பஸ் நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைப் பள்ளி, வங்கி, நூற்பாலை, கம்பெனி, கல்லூரி, இவற்றில் ஒன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரகடம், ஓசூர், திருப்பூர் மாதிரித் தொழில் ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாடகைக்கு ஆள் வருவது இதனால்தான்.

ஒரு வாரம் ஊரைச் சுற்றி விசாரியுங்கள். எத்தனை வீடு வாடகைக்கு இருக்கிறது? எத்தனை பூட்டிக் கிடக்கிறது? என்ன வாடகை? காலியானால் மறுபடி ஆள் வர எத்தனை மாதம் ஆகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இதுதான் முக்கியமான கேள்வி. ஏன் என்று அடுத்ததில் பார்ப்போம்.

மூன்றாம் கேள்வி: வீடு பூட்டிக் கிடந்தால் தவணை எப்படி?

இப்போது நோட்டை எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு அக்கா மூன்றரை சதுரத்தில், அதாவது 350 சதுர அடியில், தனிப் போர்ஷன் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சதுரம் 2 லட்சம் என்றால் மொத்தம் 7 லட்சம். கையில் இருப்பது 2 லட்சம். வங்கிக் கடன் 5 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருடம். மாதத் தவணை 6,608 ரூபாய் வரும். வாடகை 4,000 ரூபாய்.

அக்கா மனசில் போடும் கணக்கு: “4,000 வாடகை வந்துடும், மேல 2,600 போட்டாப் போதும்.”

உண்மைக் கணக்கு வேறு. வருடத்தில் ஒரு மாதமாவது காலியாக இருக்கும் என்று வையுங்கள். வாடகை 11 மாதத்துக்கு 44,000 ரூபாய். வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார், வீட்டுவரி என்று 5,000 போகும். மீதி 39,000. வருடத் தவணை 79,296. கையிலிருந்து போட வேண்டியது 40,296. அதாவது மாதம் 3,358 ரூபாய். இப்படிப் பத்து வருடம். வட்டி மட்டுமே மொத்தம் 2,92,960 ரூபாய் ஆகிறது. குடித்தனக்காரர் காலி செய்த மாதத்தில் 6,608 முழுவதும் அக்காவின் தலையில்தான்.

இதே அக்கா வேறு மாதிரியும் செய்யலாம். இருக்கிற வீட்டில் ஓரத்து அறையை ஒதுக்கி, தனி வாசல், சமைக்க ஒரு மேடை, தனிக் கழிப்பறை மட்டும் கட்டுகிறார். செலவு 1.5 லட்சம். கையிலிருந்து 50,000, கடன் 1 லட்சம், 12 சதவீதம், 3 வருடம். மாதத் தவணை 3,321. வாடகை 2,500. காலி மாதம் ஒன்று, பராமரிப்பு 3,500 கழித்தால் வருடத்துக்கு 24,000, மாதத்துக்கு 2,000 நிற்கும். கையிலிருந்து போட வேண்டியது மாதம் 1,321 தான். மூன்று வருடத்தில் கடன் தீரும். வட்டி மொத்தம் 19,556. நான்காம் வருடத்திலிருந்து அந்த 2,000 அக்காவின் சொந்த வருமானம். அதைச் சேர்த்து வைத்து, பெரிய போர்ஷனைப் பிறகு யோசிக்கலாம்.

இரண்டில் எது சரி என்று நாம் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டு வருமானமும் வேறு. ஆனால் ஒரு விதி எல்லோருக்கும் பொது. அதற்குப் ‘பூட்டிய வீட்டுக் கணக்கு’ என்று நாம் பேர் வைத்துக்கொள்வோம்.

மூன்று மாதம் யாரும் குடிவராமல் வீடு பூட்டிக் கிடந்தாலும், பிள்ளைகள் படிப்பையும் அடுப்பையும் தொடாமல் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் கட்டுங்கள். முடியாது என்றால் கடனைக் குறையுங்கள், அல்லது மூன்று மாதத் தவணையைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள். வாடகையை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. நம் வருமானத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டும். வாடகை அதற்குத் துணை.

நான்காம் கேள்வி: பணம் எங்கிருந்து?

வங்கி வீட்டுக் கடனில் தவணைக் காலம் நீளம், வட்டி குறைவு. தாள்கள் சரியாக இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். வட்டி எத்தனை என்பதோடு நிறுத்தாமல், “குறையும் பாக்கிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?” என்றும் கேளுங்கள். முழுத் தொகைக்கும் போட்டால், கடன் பாதி அடைந்த பிறகும் ஆரம்பத் தொகைக்கே வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

குழுக் கடனைச் சின்ன வேலைக்கு எடுக்கலாம். குழுவின் பணம் முழுவதையும் ஒருவர் வீட்டுச் சுவரில் போடக் கூடாது. அவர் தவணை நின்றால் மற்ற உறுப்பினர்கள் பேரும் வங்கியில் கெட்டுப்போகும். ஆடு வாங்க, பள்ளிக் கட்டணம் கட்டக் காத்திருக்கும் இன்னொரு தங்கையின் முறையும் தள்ளிப்போகும். ஒரு வேலைக்கென்று தீர்மானம் எழுதி வாங்கிய கடனை இன்னொரு வேலைக்குத் திருப்பவும் வேண்டாம்.

மூணு வட்டி, அஞ்சு வட்டிக்கு வாங்கிக் கட்டிடம் எழுப்பவே கூடாது. 5 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 15,000 ரூபாய் வட்டி மட்டும். எந்தப் போர்ஷனும் அந்த வாடகை தராது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

இன்னொரு ஆசை, ஒத்தி. சில ஊரில் போக்கியம் என்பார்கள். குடிவருபவர் 2 லட்சமோ 3 லட்சமோ மொத்தமாகக் கொடுப்பார். வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மொத்தமாகப் பணம் வரும்போது வருமானம் மாதிரித் தெரியும். அது வருமானம் இல்லை, கடன். கட்டிடத்திலோ கல்யாணத்திலோ செலவழித்துவிட்டால், திருப்பிக் கேட்கும் நாளில் இன்னொருவரை ஒத்திக்குத் தேட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார். வாடகைக்கு வாங்கும் முன்பணமும் இப்படித்தான். அதை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். அது நம்மிடம் இருக்கும் அவர் பணம்.

ஐந்தாம் கேள்வி: எப்படிக் கட்டுவது?

மாடி எழுப்ப நினைத்தால் அஸ்திவாரமும் சுவரும் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். மேஸ்திரி “தாங்கும்க்கா, பயப்படாதீங்க” என்று சொன்னால் மட்டும் போதாது. ஊராட்சியானாலும் பேரூராட்சியானாலும் அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. உங்கள் கட்டிடம் அதில் வருமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு விஷயம் தனித்தனியாக இருந்தால் சண்டை பாதி குறையும்: வாசல், அடுப்பு, கழிப்பறை, கரண்ட் மீட்டர். இதில் மீட்டர் பணத்தோடு சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். யூனிட் கூடக்கூடக் கட்டணமும் மேல்படிக்கு ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓட்டினால் 100 யூனிட் சலுகையும் ஒன்றுதான், கட்டணமும் சீக்கிரம் மேல்படிக்குப் போய்விடும். “உங்க டிவியா, எங்க மிக்ஸியா” என்று மாதாமாதம் பேச்சு வேறு. கட்டும்போதே தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

ஆறாம் கேள்வி: குடிவைத்த பிறகு என்ன?

குழுவில் தீர்மானம் எழுதாமல் ஒரு ரூபாய் கொடுப்போமா? மாட்டோம். வீட்டை மட்டும் வாய்ப்பேச்சில் கொடுக்கலாமா? வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர், கரண்ட் யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால்தான் ஊரெல்லாம் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகர்ப்பகுதிகளுக்கான வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.

வாடகை வாங்கினால் ரசீது கொடுங்கள், நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கையில் வாங்கும் வாடகை யார் யார் கைக்கோ போகும். கணக்கில் ஏறும் வாடகை உங்களைக் கேட்காமல் போகாது. நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அந்தப் பாஸ்புத்தகமே உங்கள் வருமானத்துக்குச் சாட்சி.

குடியிருப்பவரும் நம்மைப் போல் ஒரு குடும்பம்தான். தண்ணீரை நிறுத்துவது, விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பது, பூட்டு உடைப்பது இதெல்லாம் வேண்டாம். தவறு இருந்தால் பேசுவோம், தீராவிட்டால் சட்டப்படி போவோம். சாதி கேட்டு வீடு மறுப்பது, தனியாக வரும் நர்ஸம்மாவுக்கும் டீச்சருக்கும் “பொம்பளப் பிள்ளைக்கு ஒத்தையில வீடு கிடையாது” என்று சொல்வது, இவற்றை எல்லாம் நாமே பட்டவர்கள்தானே. சாவி நம் கையில் வரும்போது அதை நாம் செய்யாமல் இருப்போம். ஒழுங்காக வாடகை தரும் நல்ல குடித்தனத்தை இழக்காமலும் இருப்போம்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டுப் பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, மூன்றிலும் உங்கள் பெயர் எதில் எல்லாம் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் பார்த்து வாருங்கள்.

2. நம் ஊரில் வாடகைக்கு விட்டவர்கள் எத்தனை பேர்? கடைசியாகக் காலியான வீட்டுக்கு மறுபடி ஆள் வர எத்தனை மாதம் ஆனது?

3. உங்கள் குடும்ப வருமானத்தில், வாடகை ஒரு பைசா வராவிட்டாலும், மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும்? அந்தத் தொகையை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுங்கள். யார் எவ்வளவு கடன் தருகிறேன் என்று வந்தாலும் உங்கள் எல்லை அந்தக் கோடுதான்.

4. ஒத்திக்குப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், திருப்பித் தர வேண்டிய தேதியை இன்றே எழுதி, அதற்கென்று மாதச் சேமிப்பைத் தொடங்குங்கள்.

கணக்கு சரியாக வந்தவர்கள் தைரியமாகக் கட்டலாம். இன்னும் வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இந்த மாதம் பட்டாவில் பெயர் ஏற்றினாலே போர்ஷனின் முதல் கல்லை வைத்த மாதிரிதான்.